இரைச்சல் இல்லாத பதிவு

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். காது கேட்கும் கருவி விற்கும் கடையில் பதினான்கு வருடமாகப் பரிசோதகராக இருக்கிறேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் வருகிறவர்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, "பீப்னு சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்வேன். கேட்காமலேயே தூக்குகிறவர்கள் உண்டு. மனைவி பக்கத்தில் இருந்தால் கேட்டும் தூக்காதவர்கள் உண்டு. எல்லோரிடமும் பொறுமையாக நடந்துகொள்வேன் என்று கடையில் எனக்கு நல்ல பெயர். நீங்கள் விசாரித்திருப்பீர்கள்.

நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உங்கள் ஸ்டேஷன் எழுத்தர்தான், மேடம். நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு வரியும் டைப் அடித்து முடித்ததும் நாக்கால் 'ச்சு' என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே யாராலும் ஒழுங்காக உண்மை சொல்ல முடியாது. டீச்சர் எப்படி இறந்தார் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்? சொல்கிறேன். ஆனால் பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த நகரத்தில் நான் தவறவிட்ட இசைவிழா கிடையாது. விழாவில் கையில் கட்டிவிடும் நுழைவுப் பட்டையை நான் வெட்டுவதில்லை. முழங்கை வரை ஏறிவிட்டது. கடையில் அதற்காகவே முழுக்கைச் சட்டை போடுகிறேன். நகரத்தைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. காலையில் கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம், பஸ் பிரேக் போடுகிற சத்தம், மாடிப்படியில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு இறங்குகிற சத்தம், இதையெல்லாம் ஓசி கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டே வேலைக்கு நடப்பேன். என் தங்கையின் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அங்கே என் துணிகளுக்கு ஒரு அலமாரி, ரெக்கார்டிங்குகளுக்கு நான்கு.

அந்த நான்கில் மூன்று அக்காவுடையது. பாடகியைத்தான் சொல்கிறேன். என்னைவிட நாலு வயது சின்னவர். இருந்தாலும் ரசிகர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். எங்கே போராட்டமோ அங்கே அக்கா பாடுவார். அக்கா எங்கேயோ அங்கே நான் இருப்பேன். அதனால் நானும் ஊரில் பெரிய போராளி. கொள்கை பார்த்து எந்தப் போராட்டத்தையும் நான் ஒதுக்கியதில்லை. ஒலி மோசமாக இருந்தால்கூட வந்துவிட்டோமே என்று கடைசி வரை இருந்திருக்கிறேன். எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

சாலையோர மரங்களை வெட்டக்கூடாது என்று நாற்பது நாள் உட்கார்ந்தோம். மரங்கள் போய்விட்டன. ஆனால் அந்த நாற்பது நாளில் அக்காவிடமிருந்து ஆறு பாட்டு வந்தது. ஆறும் முத்து. பஸ் கட்டணத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்க நின்றோம். கட்டணம் ஏறித்தான் தீர்ந்தது. அந்த வருடத் தொகுப்பை இருநூறு முறையாவது கேட்டிருப்பேன். பிறகு குடிநீர்க் குழாய்ப் போராட்டம். அதில் என்ன கிரகமோ, பதினோராவது நாளே ஜெயித்துத் தொலைத்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. அக்காவின் பாட்டில் புல்லாங்குழல் வந்தது.

நீங்கள் சிரிக்கலாம். அந்தத் தொகுப்பைக் கேட்டிருந்தால் சிரிக்கமாட்டீர்கள். எட்டுப் பாட்டு, எட்டிலும் விடியல், எட்டிலும் புல்லாங்குழல். வளர்ந்த மனிதன் நான், அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றுதான் நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஆராய ஆரம்பித்தேன். பதினேழு போராட்டம், நூற்று முப்பத்திரண்டு பாட்டு. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. தோற்றால் பாட்டு, ஜெயித்தால் புல்லாங்குழல். நோட்டை என் தங்கை ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டாள்.

"அண்ணே, இதுல 'நல்ல வருஷம்'னு வட்டம் போட்டிருக்கியே, அந்த வருஷந்தான் அத்தனை பேருக்கு வேலை போச்சு, தெரியுமா?"

"பாட்டை வச்சு எழுதினதும்மா அது."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்ல, அங்கயும் ஸ்பீக்கர்தான் வச்சிருக்கியா?" என்றாள்.

அவளுக்கு இசையில் ஈடுபாடு கிடையாது. சமையல் செய்யும்போது எது ஓடினாலும் கேட்பாள்.

இனி அந்தக் கட்டடம். நான்கு மாடி, நடுவில் முற்றம், நாற்பத்தெட்டுக் குடும்பம். இடித்துவிட்டு வேறு எதையோ கட்டப்போவதாக வீட்டுவசதி அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியது. குடியிருப்போர் சங்கம் கூடியது. அக்கா வந்து முற்றத்தில் முதல் பாட்டைப் பாடினார். மறுநாள் நானும் சங்கத்துக்கு உதவி செய்ய வந்துவிட்டேன். அங்கே குடியிருக்கிறவர்கள் பாவம் வேலைக்குப் போகிறவர்கள். சில்லறை வேலைகளை யாராவது இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டாமா? தபால் பெட்டிச் சாவி என்னிடம் வந்தது. அலுவலகத்துக்குக் கொடுத்த தொடர்பு எண்ணும் என்னுடையதுதான். நான் கேட்டு வாங்கவில்லை. யாரும் செய்ய முன்வராததால் செய்தேன்.

டீச்சர் முதல் மாடியில், மேடை போட்ட இடத்துக்கு நேர் மேலே இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நுரையீரல் கெட்டுப்போய் நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷினோடு வாழ்ந்தவர். மூக்கில் குழாய், மடியில் சங்கத்தின் பெயர்ப் பட்டியல். யார் கூட்டத்துக்கு வரவில்லையோ அவர்களை ஜன்னலிலிருந்தே கூப்பிட்டு மானத்தை வாங்குவார். அவருடைய கணவர் தையல்காரர். முப்பது வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே இருந்து, இப்போது வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுத் தைக்கிறவர். போராட்டத் துணிப் பதாகை முழுக்க அவர் கைவேலைதான்.

டீச்சருக்கு என்மேல் பிரியம் என்றுதான் நினைக்கிறேன். "தம்பி, நீ போராட வந்தியா, பாட்டுக் கேட்க வந்தியா? ரெண்டும்னு சொல்லாத. பரீட்சையில ரெண்டு விடைக்கும் டிக் அடிச்சா நான் முட்டைதான் போடுவேன்" என்பார். நான் சிரித்து வைப்பேன். அவரிடம் எனக்கிருந்த ஒரே மனக்குறை, அவர் பாட்டோடு சேர்ந்து பாடுவது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறவர் எதற்குப் பாட வேண்டும்? பாடினாலும் ஒவ்வொரு பல்லவியிலும் தாளத்துக்கு அரைத் தட்டு முந்திவிடுவார். அவர் முந்தினால் முற்றமே முந்தும். என் ரெக்கார்டிங்கில் பதினான்கு பாட்டு இப்படிப் பாழாகியிருக்கிறது. இதை நான் ஒருநாளும் அவரிடம் முகம் கோணிச் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியில் அலுவலகக் கடிதம் இருந்தது. பிரித்துப் படித்தேன். இடிக்கும் உத்தரவைத் திரும்பப் பெறச் சம்மதம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் சம்மதம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை நண்பகல் கட்டடத்தின் மின்சாரம் துண்டிக்கப்படும்.

சனிக்கிழமை மாலை முற்றத்தில் இசைவிழா. மூன்று மாதமாகத் திட்டமிட்டது. அக்கா எழுதி வைத்திருந்த பதினொரு நிமிடப் பாட்டு அன்றைக்குத்தான் முதல் முறையாக அரங்கேற வேண்டும். ஒத்திகையில் பாதி கேட்டிருந்தேன். முதல் நான்கு நிமிடம் வெறும் குரல் மட்டும், ஒரு வாத்தியம் கிடையாது. வீடு போகப்போகிற ஒருத்தி தன் அறையின் ஒவ்வொரு மூலையிடமும் விடைபெறுகிற பாட்டு. வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிட்டால் சனிக்கிழமை அதை யார் பாடுவார்கள்? பாடினாலும் அது பாட்டாக இருக்குமா? புல்லாங்குழல்காரர் ஒருவர் வேறு அக்கா குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார், சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவின் முதல் இசைத்தட்டு உறைக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. எதையும் அழிப்பது என் குணம் இல்லை. உங்கள் ஆட்கள் அதை உருவியபோது உறையின் ஓரம் மடங்கிவிட்டது. புகாராகச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். அலுவலகத்திலிருந்து புதனும் வியாழனும் போன் வந்தது உண்மை. இரண்டு முறையும் நான் பரிசோதனை அறையில் இருந்தேன். அந்த அறையில் போன் எடுக்கக்கூடாது என்பது கடை விதி.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போனது. அடேயப்பா, அந்தக் கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாடிக்கு மாடி சாப்பாட்டுத் தட்டைத் தட்டினார்கள். அக்கா தகவல் கேட்டு இரண்டு மணிக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "விழா நடக்கும்" என்றார். அந்தக் குரலில் ஒரு பிசிறு விழுந்திருந்தது. பஸ் கட்டண வருடத்துக்குப் பிறகு அந்தப் பிசிறை நான் கேட்கவில்லை. எனக்குப் புல்லரித்தது.

டீச்சரிடம் மாற்று சிலிண்டர் ஒன்று இருந்தது. அது நாலு மணிக்குத் தீர்ந்தது. அடுத்தது திங்கட்கிழமைதான் வரும். அதனால் தையல்காரர் மேடைக்கு வந்த ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து, ஜன்னல் வழியாக மெஷினுக்குக் கொடுத்தார். மைக்செட்காரர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிளக் மேடைக்குப் பின்னால், நான் ரெக்கார்டர் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதைக் கொஞ்சம் பார்த்துக்க தம்பி. யாராவது கால் தடுக்கி இழுத்துடப் போறாங்க" என்றார் தையல்காரர்.

"இழுத்துட்டா என்ன ஆகும்ணே?"

"பத்து நிமிஷம் அவ தாங்குவான்னு டாக்டர் சொன்னார். அதுக்கு மேல உசுருக்கு உத்தரவாதம் இல்லன்னார். மெஷின் பீப் பீப்னு கத்தும். ஆனா எனக்குத்தான் அது கேட்டுத் தொலைய மாட்டேங்குதே."

எனக்குத் தெரியும். அவர் காதைப் பரிசோதித்தது நான்தான். சங்கத்துக்காரர் என்று சனிக்கிழமை ஒன்றில் வரச்சொல்லி, முழுதாக முக்கால் மணி நேரம் பார்த்தேன். கம்பெனி மெஷின் சத்தத்தில் அவருக்கு மேல் சுருதி எல்லாம் போய்விட்டது. பேச்சு கேட்கும், பீப் கேட்காது. அந்தத் தாள் கடை மேஜையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழா ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆக்சிஜன் மெஷின் ஒவ்வொரு முறை காற்றை அழுத்தும்போதும் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' ஓடியது. மைக்செட்காரரைக் கூப்பிட்டேன். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. யாருக்குங்க இது கேக்கப்போகுது?"

"எனக்குக் கேக்குது."

"உங்க ஒருத்தருக்காக அந்தம்மா மூச்சை நிறுத்தச் சொல்றீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் அப்போது சிரித்தேன்.

டிரம்ஸ் இருக்கும்வரை பரவாயில்லை, அடியில் அமுங்கிப்போனது. ஆறு மணி சுமாருக்கு அக்கா மற்ற எல்லோரையும் மேடையிலிருந்து இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னார். பதினொரு நிமிடப் பாட்டு. முற்றம் அடங்கிவிட்டது. தையல்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். "நீ கீழ போய்க் கேளு, நான் இங்கிருந்தே கேட்டுக்கறேன்" என்று டீச்சர்தான் அவரை அனுப்பியிருக்கிறார். அக்கா மைக்கை நெருங்கி மூச்சை உள்ளே இழுத்தார். அந்த அமைதியில், 'ம்ம்ம்'.

நான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

நான்கு நிமிடத்துக்காக. வெறும் குரல் முடிந்து வாத்தியங்கள் சேர்ந்ததும் திரும்பச் சொருகிவிடுவதாகத்தான் இருந்தேன். நான்கு நிமிடம் என்பது பத்து நிமிடத்தில் பாதிகூட இல்லை. கணக்குத் தெரியாதவன் இல்லை நான். இருபதாவது வினாடியில் மேலேயிருந்து பீப் கேட்டது. மூவாயிரம் ஹெர்ட்ஸ், அதையொட்டித்தான் இருக்கும். முற்றத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னவென்று தெரிந்திருக்காது. எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தையல்காரர் உட்பட. அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஆனால் அக்கா அன்றைக்கு நான்கு நிமிடத்தில் வாத்தியங்களைக் கூப்பிடவில்லை. கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டுத் தனியாகவே பாடினார். ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு ஜன்னலாக. அப்படியொரு பாட்டை நான் என் ஆயுளில் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், அதற்கு நடுவில் எப்படிச் சொருக முடியும்? சொருகினால் ஒரு 'டப்' விழும். அதை எந்த மெஷினாலும் பிறகு எடுக்க முடியாது.

பதினோராவது நிமிடம் பாட்டு முடிந்தது. கைத்தட்டல். அப்போது சொருகியிருக்கலாம் என்கிறீர்கள். நேற்று நீங்கள் இதை மூன்று முறை கேட்டீர்கள். சொருகத்தான் குனிந்தேன். அதற்குள் "ஒன்ஸ் மோர்" என்று குரல் வந்துவிட்டது. முதலில் கத்தியது யார் என்பது ரெக்கார்டிங்கில் தெளிவாகவே இருக்கிறது, மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நான்தான் கத்தினேன். ரசிகனுக்கு அது வாயில் தானாக வருவது. அதன் பிறகு முற்றமே கத்தியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பாடினார். இரண்டாவது முறைதான் உண்மையில் சிறந்தது, ஏனென்றால் பல்லவியில் யாருமே முந்தவில்லை.

மொத்தம் இருபத்து நான்கு நிமிடம். முடிந்ததும் பிளக்கை நானே திரும்பச் சொருகினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லாமல், நானாகச் சொருகினேன்.

தையல்காரர் மேலே போனார். முதலில் "ஏய்" என்றார். பிறகு டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத பெயர். எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் அலுவலகம் கரண்டை வெட்டியதையும், சிலிண்டர் மாற்றிய அலைச்சலையும் காரணமாக நினைத்தார்கள். அது தவறும் இல்லையே? அலுவலகம்தான் வெட்டியது. மறுநாள் ஊர்வலத்தில் நான் முன்வரிசையில் நடந்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. நடிப்பு இல்லை.

ரெக்கார்டிங்கை ரசிகர் மன்றப் பக்கத்தில் ஏற்றினேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். எங்கள் மன்றத்தில் கூர்மையான காதுக்காரர் ஒருவர் இருக்கிறார், எதைப் போட்டாலும் குறை கண்டுபிடிப்பார். அவர் எழுதினார்: "விழா முழுக்க ஒரு இரைச்சல் இருக்கிறது. கடைசிப் பாட்டில் மட்டும் அது அறவே இல்லை. அபாரம். மைக்செட்காரருக்கு ஒரு கும்பிடு." அதன் கீழே நாற்பது பேர் மைக்செட்காரரைப் பாராட்டியிருந்தார்கள். அந்த மனிதருக்கு இரைச்சல் இருப்பதே தெரியாது! ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் முடியவில்லை. "அது மைக்செட்காரர் இல்லை. எதனால் இரைச்சல் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த வயரைப் பாட்டு முடியும்வரை பிடுங்கி வைத்தது நான்" என்று எழுதினேன். கேட்டால் விளக்கம் தருகிறேன் என்றுகூடப் போட்டேன். நூற்றுப் பத்துப் பேர் விரும்பினார்கள். நூற்றுப் பதினோராவது ஆள் தையல்காரரின் மகள். அவள் விரும்பவில்லை, உங்களிடம் வந்தாள்.

தையல்காரர் போன வாரம் இங்கே என்னைப் பார்க்க வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"எதுண்ணே?"

"பீப். கத்துச்சா அது?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "கத்துச்சுண்ணே" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"கடைசி வரைக்கும்."

கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நான் அதுக்குக் கீழதானே நின்னேன்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அவருக்கு ஒரு காது கேட்கும் கருவி இலவசமாகக் கொடுக்கச் சொல்லி எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். நிறைய உண்டு. நாற்பத்தெட்டுக் குடும்பமும் இப்போது வீடு போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் துணி கட்டி இடம் பிரித்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று தங்கை வந்து சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு, இனி வரமாட்டேன் என்றும் சொன்னாள். என் ரெக்கார்டிங்குகளை என்ன செய்வாளோ தெரியவில்லை. நாலு அலமாரியையும் நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும், மேடம். டீச்சரைப் பற்றி அக்கா புதிதாக ஒரு பாட்டு கட்டியிருக்கிறார். சனிக்கிழமை தோறும் ஊர்வலம் என்னை அடைத்து வைத்திருக்கும் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது அதைத்தான் பாடுகிறார்கள். இதுவரை அவர் செய்ததிலேயே அதுதான் உச்சம். புல்லாங்குழல் இல்லை. எனக்கு அதில் பங்கு வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது சரணத்தில் "அவள் மூச்சைப் பிடுங்கியது எந்தக் கை?" என்று அக்கா கேட்பார். தெருவே அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு கையைத் தூக்கும். நானும் இங்கே ஜன்னலோரம் நின்று தூக்குகிறேன். டீச்சர் பழக்கிவிட்ட கூட்டம் அல்லவா, ஒவ்வொரு வாரமும் அரைத் தட்டு முந்திவிடுகிறது. நான் மட்டும்தான் சரியான இடத்தில் தூக்குகிறேன்.